ஆய்விதழுக்கும் நூலகத்துக்கும் இடையில் நின்றவர்கள்



பிரிக்பீல்ட்சிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ கடை வாசலில் தொங்கிய ஆனந்த விகடனை வாங்கிப் படித்தவர்களுக்கு, முகவர் என்பவர் யார் என்று விளக்கத் தேவையில்லை. நாம் ரிங்கிட்டில் காசு கொடுத்தோம், இதழைப் பெற்றோம். சென்னைக்குப் பணம் அனுப்புவது, சரக்குக் கட்டணம், வராத கட்டு, விற்காத படிகள் எல்லாம் கடைக்காரரின் தலைவலி. ஒவ்வொரு வாசகரும் தாமே சென்னைக்கு எழுதிச் சந்தா கட்டவேண்டியிருந்தால், நம்மில் எத்தனை பேர் விகடன் படித்திருப்போம்?

பல்கலைக்கழக நூலகங்களுக்கு ஆய்விதழ்கள் வந்து சேர்ந்ததும் ஏறத்தாழ இவ்வாறுதான். அந்த வரலாறு நம் ஆசிரியர்களையும் தொடுவதால் இங்கே எழுதுகிறேன்.

உலகின் முதல் ஆய்விதழ்கள் இரண்டும் 1665ஆம் ஆண்டில் பிறந்தன. ஒன்று பாரிசில், மற்றொன்று இலண்டனில். அடுத்த இரு நூற்றாண்டுகளில் அவற்றின் தொகை பெருகவே, நூலகங்களுக்காக இதழ் வாங்கித் தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் எழுந்தன. அமெரிக்காவில் ஃபேக்சன் 1881இல் தோன்றியது. ஆம்ஸ்டர்டாமில் ஸ்வெட்ஸ் 1901இல் தோன்றியது. இன்று பல்கலைக்கழக மாணவர் பலரும் அறிந்த எப்ஸ்கோ, 1944இல் எல்ட்டன் பி. ஸ்டீபன்ஸ் என்பவர் தொடங்கியது. அவர் பெயரின் முதலெழுத்துகளே அந்நிறுவனத்தின் பெயராயின. தொடக்கத்தில் அவர் அமெரிக்கப் படைமுகாம்களுக்குச் சஞ்சிகைகள் விற்றவர். ஆய்வுலகத்தின் பெருங்கதவு ஒன்று, சிப்பாய்களுக்கு வார இதழ் விற்ற கடையிலிருந்து வளர்ந்தது என்பது எனக்குச் சுவையான செய்தி.

இந்த முகவர்கள் செய்த பணியை எளிதாக எண்ணிவிடக் கூடாது. 1949இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகம், 1959இல் கோலாலம்பூரிலும் வளாகம் கண்டு, 1962இல் இங்கே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அத்தகைய ஒரு நூலகத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். மருத்துவ இதழ் ஒரு நாட்டிலிருந்து, வேளாண் இதழ் வேறொரு நாட்டிலிருந்து, இந்தியவியல் இதழ் இன்னொரு நாட்டிலிருந்து வரவேண்டும். ஒவ்வொரு பதிப்பகமும் தன் நாட்டு நாணயத்தில், தன் விருப்பப்படி ஒரு மாதத்தில், தனித்தனியாகப் பணம் கேட்கும். இத்தகைய சிக்கலைத்தான் முகவர் ஒரே பட்டியலாகவும் ஒரே விலைச்சீட்டாகவும் சுருக்கினார். ஓர் இதழ் வழியில் தொலைந்தால் கேட்டு எழுதி வாங்கித் தருவதும் அவர் கடமை. பதிப்பகம் தரும் கழிவும் நூலகம் தரும் சேவைக் கட்டணமும் அவருக்கு வருமானம்.

நாணயச் சிக்கலை மட்டும் எந்த முகவராலும் தீர்க்க இயலவில்லை. 1997ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஓர் அமெரிக்க டாலர் ஏறத்தாழ 2 ரிங்கிட் 50 காசு. நிதி நெருக்கடிக்குப் பின், 1998 செப்டம்பரில் அரசாங்கம் அதனை 3 ரிங்கிட் 80 காசு என நிலைநிறுத்தியது. 100 டாலர் சந்தா, இதழில் ஒரு பக்கமும் கூடாமல், 250 ரிங்கிட்டிலிருந்து 380 ரிங்கிட்டாக உயர்ந்துவிட்டது!

இணையம் வந்ததும் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. தாளிதழை அடுக்கில் வைத்தால் வேலை முடிந்தது. மின்னிதழுக்கோ ஒவ்வொரு பதிப்பகத்துடனும் உரிம ஒப்பந்தம் வேண்டும். வளாகத்துக் கணினிகளின் இணைய முகவரிகளைப் பதியவேண்டும். வீட்டிலிருந்து படிக்கும் மாணவரை இன்னார் என அடையாளம் காணவேண்டும். இந்தக் கடைசித் தேவைக்காக 1999இல் ஈசிபிராக்சி என்னும் மென்பொருளை உருவாக்கியவர் கிறிஸ் சாகார் என்னும் அமெரிக்க நூலகர். மாணவர் ஒருமுறை கடவுச்சொல்லைத் தந்தால் போதும். அதன்பின் பதிப்பகத்தின் கண்ணுக்கு அவர் வளாகத்தினுள் அமர்ந்திருப்பவராகவே தெரிவார். ஒப்பந்த வேலைகளை முகவர்களும், அவர்களோடு நூலகக் கூட்டமைப்புகளும் பகிர்ந்துகொண்டனர். நம் நாட்டிலும் பல்கலைக்கழக நூலகங்களும் தேசிய நூலகமும் இணைந்து, மோலெக் எனச் சுருக்கமாக வழங்கும் மின்வளக் கூட்டமைப்பின் வழி, கூட்டாகப் பேரம் பேசும் முறையைக் கொண்டுவந்தன.

ஆனால், எல்லாப் பணத்தையும் ஒருவர் கையில் முன்கூட்டியே கொடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. பழைய ஃபேக்சன் நிறுவனம் கைமாறிக் கைமாறி ரோகாம் என்னும் பெயரில் இயங்கியபோது, 2003ஆம் ஆண்டுச் சந்தாவுக்கென நூலகங்கள் கட்டிய பெருந்தொகை பதிப்பகங்களுக்குப் போய்ச் சேரவில்லை. நிறுவனம் முறிந்தது. பணம் வராத போதிலும் பல பதிப்பகங்கள் இரக்கப்பட்டு இதழ்களை அனுப்பின. முடிவில் எப்ஸ்கோ அந்நிறுவனத்தை வாங்கியது. பாடம் கற்றிருப்பார்கள் என்று நினைப்போம் அல்லவா? 2014 செப்டம்பரில், அடுத்த ஆண்டுச் சந்தாக்களைப் புதுப்பிக்கும் அதே பருவத்தில், நூறாண்டு கடந்த ஸ்வெட்ஸ் நொடித்துப் போனது. முன்பணம் கட்டிய நூலகங்கள் கடன்காரர் வரிசையில் நின்றன.

அண்மையில் இந்தியா இம்முறையை ஒரு நாடு முழுமைக்கும் விரித்திருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு 2024 நவம்பர் 25ஆம் நாள் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தில், இடைநின்று ஒருங்கிணைப்பது குஜராத்தில் உள்ள இன்ஃபிலிப்நெட் என்னும் அரசு அமைப்பு. இலாபம் தேடாத முகவர் எனலாம். சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவரும் ஐ.ஐ.டி. மாணவரும் ஒரே இதழைத் திறக்கலாம் என்பது சிறு செய்தியன்று.

எனினும், அத்திட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் நடுவண் அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. பள்ளி ஆசிரியர் அதில் இல்லை. நம் நாட்டிலும் பள்ளி ஆசிரியரின் நிலை அதுவே. தாளிதழ்க் காலத்தில், நூலகத்தினுள் நுழைந்துவிட்டவர் எவரும் அடுக்கிலிருந்து இதழை எடுத்துப் புரட்டலாம். மின்னிதழில் யார் வாசகர் என்பதை உரிமம் முடிவு செய்கிறது. நான் பகுதிநேர மாணவியாக மேற்கல்வி பயின்ற காலத்தில், கிள்ளானில் என் வீட்டு மேசையிலிருந்தே வாசிப்புச் சிக்கல் பற்றிய கட்டுரைகளை இரவு முழுதும் படித்தேன். பட்டம் பெற்ற சில வாரங்களில் என் கணக்கு மூடப்பட்டது. இரண்டாம் ஆண்டு வகுப்பில் 'ழ', 'ள', 'ல' தடுமாறும் பிள்ளைகள் என்னவோ அதே இருக்கைகளில்தான் இருந்தார்கள். ஆய்வு யாருக்காக எழுதப்பட்டதோ, அவரே வெளியில் நிற்கும் ஏற்பாடு இது. நூலகத்தின் வேலையை எளிதாக்கியவர்கள் ஆசிரியரை எண்ணிப் பார்க்கவில்லை என்பதே என் குறை.

தமிழ் இதழ்களின் கதை வேறு வழியில் சென்றது. தனிநாயகம் அடிகளார் 1952இல் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழ் 1966 வரை வெளிவந்தது. அவர் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்குத் தலைமை ஏற்று, அந்த 1966 ஏப்ரலிலேயே கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தினார் என்பதை நாம் அறிவோம். பழைய தமிழ் இதழ்களுக்காக எந்த முகவரும் பேரம் பேசவில்லை. 2005இல் ஈழத்தமிழர் தொடங்கிய நூலகம் திட்டம் போன்றவை, தன்னார்வலர் உழைப்பால் அவற்றைப் பக்கம் பக்கமாக மின்வருடி இணையத்தில் இட்டன. அவற்றைப் படிக்கக் கடவுச்சொல் இல்லை, கட்டணமும் இல்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் 'தமிழ்ப் பேராய்வு' இதழும் அவ்வாறே எல்லாருக்கும் திறந்திருக்கிறது.

ஆங்கில இதழ்கள் தேவைப்படும் ஆசிரியர்கள் இரண்டு இடங்களை முயன்று பார்க்கலாம். ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் உறுப்பினராகி, அங்கு உறுப்பினர்க்குரிய மின்வளங்கள் எவை என்று முகப்பில் கேளுங்கள். பல்கலைக்கழக நூலகங்களின் உரிமங்கள் பலவற்றில், நேரில் வந்து நூலகக் கணினியில் படிக்கும் வெளியாருக்கும் இடம் உண்டு. நுழைவு விதிகள் நூலகத்துக்கு நூலகம் மாறுபடும். ஆகவே, பள்ளி விடுமுறையில் கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.