மரபணு யாருக்குச் சொந்தம்?



மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று இளஞ்சிவப்பு ரிப்பன் படங்களை நிறையப் பேர் அனுப்பியிருந்தீர்கள். வரலாறு நடத்தியவனுக்கு அதன் வரலாறுதானே சொல்லத் தெரியும்? கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1866ல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் இந்நோயால் இறந்ததை எழுதி வைத்தார். காரணம் புரிய நூறாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்காவில் மேரி கிளேர் கிங் என்ற பெண் விஞ்ஞானி ஏறத்தாழ 17 ஆண்டுகள் இதற்காக உழைத்தார். பலர் நம்பவில்லை. 1990ல், 23 குடும்பங்களை ஆராய்ந்து, இதற்குக் காரணமான மரபணு ஒன்று 17ஆம் குரோமோசோமில் இருப்பதாக நிறுவினார். அதுதான் பி.ஆர்.சி.ஏ.1.

1994ல் யூட்டா மாநிலத்தின் மிரியட் நிறுவன விஞ்ஞானிகள் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டு பி.ஆர்.சி.ஏ.2வும் கிடைத்தது. இரண்டுக்கும் மிரியட் காப்புரிமை பெற்றது. அதன்பின் அமெரிக்காவில் மற்ற ஆய்வகங்கள் இந்தப் பரிசோதனையைச் செய்ய முடியவில்லை. முழுப் பரிசோதனைக்கு 3000 டாலருக்கு மேல் ஆனது. இன்னொரு ஆய்வகத்தில் சரிபார்க்கவும் வழியில்லை.

இங்கே ஒரு கேள்வி. பிறக்கும்போதே உடம்பில் இருக்கும் ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா? காப்புரிமை இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவார்கள் என்றது நிறுவனம். அதுவும் யோசிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் 2009ல் விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் நோயுற்ற பெண்களும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள்.

2013 மே மாதம் நடிகை ஏஞ்சலினா ஜோலி, தமக்கு இந்த மரபணுக் குறை இருந்ததால் மார்பகங்களை முன்கூட்டியே அகற்றிக்கொண்டதைப் பத்திரிகையில் எழுதினார். பரிசோதனைச் செலவு பல பெண்களுக்குத் தடையாக இருப்பதையும் குறிப்பிட்டார். அடுத்த மாதம் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் காப்புரிமை கிடையாது. ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கும் டி.என்.ஏ.வுக்குப் பெறலாம். அன்றைக்கே வேறு ஆய்வகங்கள் பரிசோதனையை அறிவித்தன. 2015ல் 249 டாலருக்கும் கிடைத்தது.

விலை இறங்கியது. ஆனால் பரிசோதனை தேவையா என்று தெரிய குடும்ப விவரம் வேண்டுமே. நம் வீடுகளில் அத்தை எதனால் போனாள் என்று கேட்டால், "ஏதோ கட்டி" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்கள். இந்தக் குறை அப்பா வழியாகவும் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு, மகனானாலும் மகளானாலும்.

பயப்பட வேண்டாம். மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருவது. குறை இருந்தாலே நோய் வந்துவிட்டது என்றும் பொருளில்லை. முன்பே தெரிந்தால் அடிக்கடி பரிசோதித்து, ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

வீட்டுப்பாடம் ஒன்று தருகிறேன். பெரியவர்கள் இருக்கும்போதே இரண்டு வழியிலும் கேளுங்கள்: யாருக்கு மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்தது, எந்த வயதில்? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இளவயதிலோ பலருக்கோ வந்திருந்தால் அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். பையன்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்