ஜன்னலைக் கழற்றும் இருவர்

அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீடொன்றின் மர ஜன்னலை இருவர் கழற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் வீடு புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர். ஜன்னல் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும். மற்றவர் காரீய நீக்கப் பணியாளர். ஜன்னல் திடமாகவே இருக்கலாம், மேலே இருக்கும் காரீயப் பெயின்ட்தான் அவருக்குப் பகை. (நம் ஈயச் சொம்பில் இருப்பது வெள்ளீயம், காரீயம் வேறு.) நெம்புகோல் ஒன்றுதான், உதிரும் தூசியும் ஒன்றுதான். நோக்கம் வேறு என்பதால் சட்டமும் பாடமும் வேறாகிவிடுகின்றன.

சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிப்படி முன்னவருக்கு 8 மணி நேரப் பயிற்சி, பின்னவருக்கு 16. முன்னவரின் வேலையிடத்தில் ஒருவர் சான்றிதழ் பெற்றிருந்தால் போதும். மற்றவர்களுக்கு அவரே அங்கே கற்றுத்தரலாம். பின்னவரின் குழுவிலோ ஆளுக்கொரு சான்றிதழ் வேண்டும். மேற்பார்வையாளருக்கு 32 மணி நேரப் படிப்பு.

இவ்வளவு ஏற்றத்தாழ்வுக்கு நடுவே, பொறுப்பாளர் எப்போது நேரில் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் இரண்டும் ஒரே விடை தருகின்றன: தரையில் பிளாஸ்டிக் விரித்து இடத்தை மூடும்போதும், கடைசியில் துப்புரவு செய்யும்போதும். நடுவே ஜன்னலைப் பெயர்க்கையில் அவர் தொலைபேசியில் கிடைத்தால்கூடப் போதும். பெயர்க்கத் தெரிந்தவனுக்குப் பெயர்க்கக் கற்றுத்தர வேண்டாம் என்று நினைத்தார்கள் போலும். என் கண்ணுக்கு இரண்டுமே துப்புரவுப் பயிற்சிகள்தாம்.

இறுதித் தேர்வும் இரண்டிலும் ஈரத்துணிதான். ஒப்பந்தக்காரர் ஜன்னல் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, கையிலுள்ள ஒப்பீட்டு அட்டையோடு வைத்துப் பார்க்கிறார். அட்டையைவிடக் கறுப்பாக இல்லையென்றால் தேறிற்று. தன் வேலைக்குத் தானே மதிப்பெண்! நீக்கப் பணியில் துடைப்பவர் வேறு, சான்று பெற்ற ஆய்வாளர். துணி ஆய்வகத்துக்குப் போய், சதுர அடிக்கு இத்தனை மைக்ரோகிராம் காரீயம் என்ற எண்ணாகத் திரும்பி வருகிறது.

தோற்றால்? ஒப்பந்தக்காரர் மறுபடி சுத்தம் செய்து புதுத் துணியால் துடைக்கிறார். அதுவும் கறுத்தால், ஒரு மணி நேரமோ ஈரம் காயும்வரையோ, எது அதிகமோ அவ்வளவு பொறுத்து, உலர்ந்த துணியால் ஒரு முறை துடைக்கிறார். அதன்பின் அட்டையைப் பார்க்கவே வேண்டாம், தேறிவிட்டது என்கிறது விதி. ஆய்வகம் போன துணிக்கு அந்தச் சலுகை இல்லை. எண் இறங்கும்வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.