மீட்ட நாய்க்கு வீடு கிடைக்கும் வரை 'ஃபாஸ்டர்' செய்யப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், கார் டயருக்கு அடியில் நடுங்கிக்கொண்டு ஒரு குட்டி. யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள். "தாயைக் காணோம். நிரந்தரமா ஒரு வீடு தேடிட்டு இருக்கோம். அதுவரைக்கும் ஒரு வாரம் மட்டும் யாராவது வச்சுக்க முடியுமா?" அழுகிற இமோஜிகள் வரிசையாக வருகின்றன. கடைசியில் ஒருவர், வீட்டில் கேட்டுவிட்டு, "சரி, நான் வச்சுக்கறேன்" என்று எழுதுகிறார்.

அவர் செய்ய ஒப்புக்கொண்ட வேலைக்குத்தான் 'ஃபாஸ்டர்' என்று பெயர். நாயைத் தத்தெடுப்பவர் வேறு ஒருவர். அந்த ஒருவர் கிடைக்கும் வரை சோறு போட்டு, ஊசி போட்டு, வீட்டுக்குள் வாழப் பழக்கி, பிறகு கையில் ஒப்படைத்துவிட்டு வருபவர் இவர்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்த "ஒரு வாரம் மட்டும்" என்பதை நம்பாதீர்கள். அழகான குட்டிக்கே சில வாரங்கள் ஆகலாம். வளர்ந்த நாட்டு நாய் என்றால் மாதக்கணக்கில் ஆகும்.

எல்லா நாயையும் தூக்கி வரணுமா?

தேவையில்லை. தெருவில் நன்றாகச் சாப்பிட்டு, நான்கு பேருக்குத் தெரிந்த முகமாக வாழும் நாய்க்கு அந்தத் தெருதான் வீடு. 2023-ல் வந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கப்படும் நாய்களை மட்டும் அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது.

ஃபாஸ்டர் வீடு உண்மையில் தேவைப்படுவது தெருவில் பிழைக்க வழியில்லாத நாய்களுக்கு. தாயை இழந்த குட்டிகள், வண்டியில் அடிபட்டுக் கால் போனவை, பார்வை இல்லாதவை, ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருப்பவை. இன்னொரு கூட்டமும் உண்டு: ஆசையாக வாங்கி, சலித்ததும் ரோட்டோரம் இறக்கிவிடப்பட்ட லேப்ரடார், ஹஸ்கி, ஷிட்சூ, ஏன், நம்ம ராஜபாளையம் நாய்கள்கூட. சோஃபாவில் தூங்கிப் பழகிய நாய்க்குத் தெருநாய்க் கூட்டத்துக்கு நடுவே ஒரு ராத்திரி என்பதே பெரிய ஆபத்து.

இப்படி இறக்கிவிடுவது குற்றம் இல்லையா என்று கேட்கலாம். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். முதல் முறை பிடிபட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். அச்சுப்பிழை இல்லை. 1960-ல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது.

திரும்ப தெருவில் விட்டுடலாம்னு நினைக்காதீங்க

தெருநாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22-ம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவில் தத்தெடுப்பு பற்றியும் பேசியிருக்கிறது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புபவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு.

சட்டத்தை விடுங்கள், நாயின் கோணத்தில் பாருங்கள். இரண்டு மாதக் குட்டியாக உங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து, எட்டு மாதம் வரை உள்ளேயே வளர்ந்த நாய்க்கு ரோடு கடக்கத் தெரியாது. எந்த நாய்க் கூட்டத்துக்கு வாலைத் தாழ்த்த வேண்டும் என்பதும் தெரியாது. அதனால் கூட்டி வருவதற்கு முன்பே, மீட்டவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை மெசேஜாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் செலவு யாருடையது? நான் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? மூன்று மாதத்தில் வீடு கிடைக்காவிட்டால் அடுத்து என்ன? கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். மீட்டவர் போனை எடுக்காமல் போன பிறகு வருவதை விட இந்தச் சங்கடம் எவ்வளவோ மேல்.

வாடகை வீட்டில் இருந்தால் ஓனரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது. அபார்ட்மென்ட் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல். ஆனால் லிஃப்டில் தினமும் முகம் பார்க்கப் போவது பக்கத்து வீட்டுக்காரரைத்தானே, வாரியத்தை இல்லை. "கொஞ்ச நாளைக்குத்தான் சார், தடுப்பூசி போட்டாச்சு" என்று நீங்களே போய்ச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

வீட்டுக்குப் போகும் முன் டாக்டரிடம்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கால்நடை மருத்துவர், பிறகு வீடு. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைகளில் அடிப்படைப் பரிசோதனையும் பூச்சி மருந்தும் கிடைக்கும்.

குட்டிகளுக்குப் பெரிய எமன் பார்வோ வைரஸ். வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சோர்வு என்று ஆரம்பித்து ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும். தொற்று உள்ளே போய் அறிகுறி தெரிய ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும் என்பதால், இன்று துள்ளி விளையாடும் குட்டி நாளை மறுநாள் படுத்துவிடலாம். எனவே வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் புதுக் குட்டியை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். தட்டு, துணி எல்லாம் தனி.

நம்ம வீடுகளில் எதற்கும் பினாயில்தான். ஆனால் பார்வோ கிருமிக்குப் பினாயில் போதாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரையில் 10 நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். உங்கள் வீட்டில் கடந்த ஓராண்டுக்குள் ஒரு குட்டி பார்வோவில் இறந்திருந்தால், தடுப்பூசி போடாத குட்டியை இப்போதைக்கு ஏற்காதீர்கள். அந்தக் கிருமி மாதக்கணக்கில் காத்திருக்கும்.

தடுப்பூசிகள் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் நான்காவது மாதம் வரை போகும். ரேபிஸ் ஊசி வழக்கமாக மூன்றாவது மாதத்தில். அந்த மூன்று மாதத்துக்கு முந்தைய காலத்தில்தான் கவனம் தேவை. "குட்டிதானே, பல்லு பட்டா என்ன" என்ற பேச்சு நம் வீடுகளில் சகஜம். குட்டிக்கும் ரேபிஸ் வரும். பல் பட்டுக் கீறினால்கூட உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசம். அறிகுறி வந்துவிட்டால் ரேபிஸிலிருந்து காப்பாற்ற வழி கிடையாது. அடிக்கடி ஃபாஸ்டர் செய்பவர் என்றால், கடி வாங்கும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

உண்ணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொல்வதோடு விட்டுவிடாதீர்கள். உண்ணிக் காய்ச்சல் நாயை உருக்கிவிடும், மருந்து அவசியம்.

குக்கர் விசிலே அதுக்குப் புதுசு

முதல் மூன்று நாட்கள் நாய் பெரும்பாலும் ஏதாவது ஒரு மூலையில்தான் இருக்கும். கட்டிலுக்கு அடியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால். தெருவில் லாரிக்குப் பயப்படாத நாய், மிக்ஸி சத்தத்துக்கு நடுங்கும். வழவழப்பான டைல்ஸில் நடக்கவே தெரியாமல் கால் பரப்பி நிற்கும். மாடிப்படி பார்த்ததில்லை, கண்ணாடியில் தன்னைப் பார்த்ததில்லை. இழுத்து வெளியே கொண்டுவர வேண்டாம். பழைய கோணி ஒன்றை விரித்து, தண்ணீர் வைத்து, அதே அறையில் நீங்கள் பாட்டுக்கு உங்கள் வேலையைப் பாருங்கள். வந்த அன்றே குளிப்பாட்டுவதும் வேண்டாம், சொந்தக்காரர்களை வரவழைத்துக் காட்டுவதும் வேண்டாம்.

தன்னார்வலர்கள் '3-3-3' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பயம் தெளிய 3 நாள், வீட்டு வழக்கம் புரிய 3 வாரம், இது நம்ம இடம் என்று நினைக்க 3 மாதம். எல்லா நாயும் காலண்டர் பார்த்து நடக்காது, ஆனாலும் உத்தேசமாகச் சரி.

இந்த நாட்களில்தான் நாய்கள் அதிகம் ஓடிப்போகும். கொரியர்காரர் பெல் அடித்தார், கதவைத் திறந்தோம், காலுக்கு நடுவில் பாய்ந்து போய்விட்டது என்பது பலர் சொல்லும் கதை. போன் நம்பர் எழுதிய பட்டையைக் கழுத்தில் மாட்டாமல் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வெளியே போகும்போது கழுத்துப்பட்டையோடு ஹார்னஸும் போடுங்கள். பயந்த நாய் பின்பக்கமாக இழுத்தால் பட்டை மட்டும் உங்கள் கையில் இருக்கும். தீபாவளி வாரத்தில் ஃபாஸ்டர் எடுப்பதை முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வேகவைத்த சிக்கனும் சோறும், கொஞ்சம் தயிர், இல்லையென்றால் கடையில் விற்கும் நாய் உணவு. பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே நேரத்தில் வயிறு முட்டப் போடாமல், நான்கைந்து தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதியைக் கிளப்பும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு கூடாது. அதாவது நேற்றைய குழம்புச் சோறும் கூடாது. வலிக்கிறதே என்று நம் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது இன்னும் மோசம்.

"பெண் குட்டியா? வேண்டாங்க"

வீடு தேடும் படலம்தான் நிஜமான சோதனை. பதிவு போட்ட உடனே போன் வரும். "ஆண் குட்டியா?" என்பது முதல் கேள்வி. கருப்பாக இருந்தால் இன்னும் தயக்கம். நாட்டு நாய் என்றால், "வேற ப்ரீட் எதுவும் இருக்கா?"

பெண் நாய் மீதான தயக்கத்துக்குக் காரணம் குட்டி போட்டுவிடுமோ என்ற பயம். ஆறு மாத வயதுக்குப் பிறகு டாக்டர் பார்த்துக் கருத்தடை செய்துவிட்டால் அந்தக் கவலை முடிந்தது. ரகநாய் என்றால் கருத்தடை செய்யாமல் யாருக்கும் கொடுக்கவே கூடாது என்பேன். "ஆபரேஷன் பண்ணாததா இருந்தா நல்லது" என்று ஒருவர் கேட்டால், அவர் தேடுவது குட்டி போட்டு விற்க ஒரு நாய்.

பதிவில் பரிதாபத்தைக் கொட்டாதீர்கள். எலும்பும் தோலுமான பழைய போட்டோவைப் பார்த்து லைக் போடுவார்கள், வீட்டுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். தரையில் உட்கார்ந்து, நாயின் கண் மட்டத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்று போதும். அப்புறம் உண்மை. சைக்கிளைப் பார்த்தால் துரத்துமா? பூனை ஆகாதா? தனியாக விட்டால் ஊளையிடுமா? எழுதிவிடுங்கள். இதை மறைத்துக் கொடுத்தால் நாய் ஒரு வாரத்தில் திரும்பி வரும், அல்லது உங்களுக்குத் தெரியாமலே தெருவுக்குப் போகும். இந்த நாயோடு வாழ்ந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். அதன் குணம் பற்றிய சாட்சியும் நீங்கள்தான்.

கேட்டு வருபவரிடம் நேர்காணல் மாதிரி இல்லாமல் பேச்சுவாக்கில் விசாரியுங்கள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? சொந்த வீடா, வாடகையா? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாய் எங்கே இருக்கும்? முன்பு நாய் வளர்த்தீர்களா, அது என்ன ஆனது? கடைசிக் கேள்விக்கான பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும். பையன் ஆசைப்பட்டான் என்று வருபவரிடம், அம்மாவோடு ஒரு நிமிடம் பேசலாமா என்று கேளுங்கள். நாய்க்குச் சோறு வைக்கப்போவது பெரும்பாலும் அவர்தான்.

"தோட்டத்துக்குக் காவலுக்கு வேணும்" என்று ஒரு வகை அழைப்பு வரும். எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நாள் முழுக்க நாயைக் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவதும் 1960 சட்டத்தில் வதை என்றே எழுதப்பட்டிருக்கிறது. எங்கே கட்டுவீர்கள், எப்போது அவிழ்ப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் பிடிக்கவில்லையா, "வேற ஒருத்தர் கேட்டிருக்காங்க" என்று சொல்லி விலகிவிடலாம், தப்பில்லை.

ஒப்படைப்பதற்கு முன் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மொட்டை மாடிச் சுவர் எவ்வளவு உயரம், பால்கனிக் கம்பி இடைவெளியில் குட்டி நுழைந்துவிடுமா, கேட் சாத்துகிறதா. பெயர், முகவரி, அடையாள அட்டை நகலோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: எந்தக் காரணத்தால் வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் நாயை எங்களிடமே திருப்பித் தர வேண்டும்.

புது ஓனர் சென்னைக்காரர் என்றால், மாநகராட்சி செல்லப்பிராணி உரிமம் கட்டாயம் என்பதையும் சொல்லிவிடுங்கள். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். 2025 இறுதியிலிருந்து மைக்ரோசிப்பும் சேர்ந்துவிட்டது, உரிமம் இல்லாவிட்டால் அபராதம் 5,000 ரூபாய்.

கொடுக்க மனசே வரலைன்னா?

வராது. அப்படியே வைத்துக்கொள்பவர்களை 'ஃபாஸ்டர் ஃபெயில்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். முடிந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்; 12, 13 வருஷக் கணக்கு அது. ஆனால் இரண்டு நாய்க்குத்தான் உங்கள் வீட்டில் இடம் என்றால், அடுத்த மழைக்கு டயருக்கு அடியில் இருக்கப்போகும் குட்டிக்கு அந்த இடம் இல்லாமல் போகும். முடிவு உங்களுடையது.

கொடுக்கும் நாளில் தடுப்பூசி அட்டை, அடுத்த ஊசித் தேதி, நான்கு நாளுக்கான அதே உணவு, இத்தனையும் பையில் போடுங்கள். அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் அப்படியே கொடுங்கள். தெரிந்த வாசனை அது ஒன்றுதான். இரண்டாம் நாள் புது வீட்டிலிருந்து போன் வரும், "சாப்பிடவே மாட்டேங்குது, கட்டிலுக்கு அடியிலயே இருக்கு" என்று. உங்கள் வீட்டிலும் முதலில் அப்படித்தான் இருந்தது என்று சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.