மேயர் ஏறிய மலை

1912-ல் வாஷிங்டன் நகரத்துக்கு 3,000-க்கும் மேற்பட்ட செர்ரி மரங்களை அன்பளிப்பாக அனுப்பிப் பெயர் பெற்றவர், டோக்கியோ மேயர் யூகியோ ஒஸாகி. ஆனால் டோக்கியோவாசிகள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டியது வேறு மரங்களுக்காக.

அவர்கள் குடித்தது டாமா நதியின் ஜலம். அந்த நதி பிறக்கும் மலைகளிலோ காடு அழிந்துகொண்டிருந்தது. 1909-ல் மேயரே மலையேறிப் பார்த்தார். மறு வருஷமே, தன் எல்லைக்கு வெகு தூரத்திலிருந்த காட்டை நகரசபை பராமரிக்கத் துணிந்தது. கன்று மரமாகப் பல வருஷங்கள் ஆகும். பலனைக் காணப்போவது பேரப் பிள்ளைகள்! இன்று அந்தக் காடு 20,000 ஹெக்டேருக்கும் மேல்.

காட்டு மண் மழையை உறிஞ்சி மெள்ள மெள்ள விடுகிறது; வேர்கள் மண் சரியாமல் பிடித்துக்கொள்கின்றன. வானம் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் பிறகு பொய்த்துப்போகும் இக்காலத்தில் அந்த வேலைக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. அணை கட்டினால் போதும் என்பவர்கள் ஒருமுறை ஒஸாகியைப்போல் மலையேறிப் பார்க்கட்டும்.