கடல் கடந்த ஊதியமும் ஊர் வங்கிக் கணக்கும்



கல்முனையிலிருந்து பொத்துவில் நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, கல்முனைக்குடியை அடுத்து வருவது சாய்ந்தமருது. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் வீட்டோடு வீடு நெருங்கி நிற்கின்றது. உழவு, மீன்பிடி, வாணிகம் என்னும் மூன்றுமே இவ்வூரார் நெடுங்காலம் கண்ட தொழில்கள். கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள் நான்காவதொன்றும் சேர்ந்தது. கடல் கடந்து உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புதலே அது. அப்பணம் எவ்வழியாக வந்தது, என்ன விலைக்கு மாறியது, யார் பெயரில் இருந்தது என்னும் மூன்று வினாக்களையும் தொடர்ந்து சென்றால், நம் நாட்டு வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி புலனாகும்.

அயல்நாட்டு நாணயத்தை, ரூபாயாக மாற்றாமல், தம் ஊர் வங்கியில் தம் பெயரிலேயே வைத்திருக்கலாம் என்பது இன்று இயல்பான செய்தி. ஒரு காலத்தில் அஃது எண்ணவும் இயலாத காரியம். இலங்கை மத்திய வங்கி 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆந் தேதி பிறந்தது. அப்போது கொரிய யுத்தத்தின் காரணமாக இறப்பரின் விலை உயர்ந்திருந்தது; பணம் தாராளமாக வந்தது. யுத்தச் செழிப்பு தணிந்ததும் கையிருப்புக் கரைந்தது. 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவ்வேளையிலே வந்தது. இந்நாட்டில் வதிவோர் தம் கைக்கு வந்த வெளிநாட்டு நாணயத்தை அதிகாரம் பெற்ற வங்கிக்கு விற்று ரூபாயாக்கிக் கொள்ளல் வேண்டும். வெளிநாட்டு நாணயம் வேண்டுவோர் அனுமதி கேட்டு நிற்றல் வேண்டும். மேற்படிப்புக்குச் சென்ற மாணவரும், ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றப் புறப்பட்ட முதியவரும் இந்த வாயிலைக் கடந்தே செல்ல வேண்டியவராயினர்.

தேயிலையும் இறப்பரும் தெங்கும் ஈட்டிய நாணயத்தில் அரிசியும் மாவும் வாங்கி உண்ட நாடு, இருந்ததைச் சிக்கனமாகப் பங்கிட எண்ணியதில் நியாயம் உண்டு. ஆயினும், பங்கீடு நீடிக்க நீடிக்க, ஒரே டொலருக்குப் பல விலைகள் தோன்றின. 1968ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ்த் திட்டம் புகுத்தப்பட்டது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் வருமானத்துக்கு ஒரு விலை. வேறு பல கொடுக்கல் வாங்கல்களுக்குச் சான்றிதழின் மிகுதி சேர்ந்த இன்னொரு விலை. அம்மிகுதி முதலில் நூற்றுக்கு 44 ஆக இருந்து, பின்னர் 65 வரை ஏறிற்று. ஒரே பண்டத்துக்கு அரசாங்கமே இரு விலை எழுதி வைத்தால், மூன்றாவது விலையைச் சந்தி எழுதாமல் விடுமா?

1977ஆம் ஆண்டு நவம்பரில் இவ்வேற்பாடு நீங்கியது. நாணய மாற்று விலை ஒன்றாக்கப்பட்டு, டொலருக்கு 16 ரூபாய் அளவில் நின்றது. அதற்கு முந்திய அதிகாரபூர்வ விலையோ அதில் ஏறத்தாழ அரைவாசிதான். வெளிநாட்டுப் பயணத்தின் தளைகளும் தளர்ந்தன. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்தால் செல்வம் பெருகிய அறபு நாடுகள் அக்காலத்தில் உழைக்கும் கைகளைத் தேடிக்கொண்டிருந்தன. வெளியே வேலையும் உள்ளே திறந்த கதவும் ஒன்றாகக் கூடிய பின்னரே, கிழக்குக் கரையூர்களிலிருந்து மக்கள் தொகையாகப் புறப்பட்டனர். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது.

இவர்களுக்கெனத் திறக்கப்பட்டதே வதிவற்றோர் வெளிநாட்டு நாணயக் கணக்கு. சவூதி றியாலிலோ குவைத் தினாரிலோ பெற்ற சம்பளம், டொலராகவோ ஸ்ரேர்லிங் பவுணாகவோ கணக்கில் ஏறும். வட்டியும் அந்நாணயத்திலேயே சேரும். வீட்டுச் செலவுக்கு வேண்டிய அளவை மாத்திரம் அன்றைய விலைக்கு ரூபாயாக்கிக் கொள்ளலாம். ரூபாயின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்ந்து வந்த நாட்டிலே, கூலியாளின் சேமிப்புக்கு இது பெருங்காப்பு.

நிற்க. யார் பெயரில் என்னும் வினாவும் உண்டு. இக்கரையோர வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், வீடு பெண்ணுக்குரியது. ஆகவே பாலைவன வெயிலில் உழைத்த தந்தையின் பணமும் தமையனின் பணமும் முதலில் கல்லாகவும் சீமெந்தாகவும் மாறி, மகளின் வீடாக, தங்கையின் வீடாக எழுந்தன. பின்னர்ப் பெண்களே பணிப்பெண்களாகச் சென்றனர். வீட்டை மகள் பெயரில் எழுதத் தயங்காத சமூகம், உழைக்கும் தாயின் வங்கிக் கணக்கை அவள் பெயரில் வைக்க ஏனோ தயங்கிற்று. கணவர் பெயருக்கோ சகோதரர் பெயருக்கோ அனுப்பிய பணம், திரும்பி வந்தபோது எஞ்சாமற் போன துயரத்தை அறியாத தெரு இப்பகுதியில் அரிது. தன் பெயரில் ஒரு கணக்கு, குடும்பச் செலவுக்கு வேறொரு கணக்கு எனப் புறப்படுமுன் இரண்டைத் திறந்து வைத்த பெண்ணே தப்பினாள்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி கடல் ஊருக்குள் புகுந்தது. நாட்டின் மாவட்டங்களுள் மிகுந்த உயிர்களை இழந்தது அம்பாறையே. அலுமாரியிலிருந்த நகையும் தாள்நாணயமும் வீட்டோடு போயின. வங்கியில் இட்டவர்க்கோ, கைப்புத்தகம் கடலோடு போன பின்னரும் வங்கியின் பேரேட்டிலே பெயரும் தொகையும் அழியாதிருந்தன.

வங்கிக்குப் போட்டியாக என்றும் இருந்து வந்தது உண்டியல். றியாத்தில் ஒருவரிடம் றியாலைக் கொடுத்தால், தொலைபேசிச் சொல் ஒன்றில் ஊரிலுள்ள அவருடைய கூட்டாளி ரூபாயை வீட்டில் தருவார். உண்மையில் பணம் கடலைக் கடப்பதேயில்லை. றியால் அங்கேயே நின்று, யாரோ ஒரு வணிகரின் பொன்னுக்கோ சரக்குக்கோ விலையாகிவிடும். வீட்டுக்கு ரூபாய் கிடைத்தது. நாட்டுக்கு நாணயம் கிடைக்கவில்லை.

2021ஆம் ஆண்டில் இதன் விளைவு வெளிப்பட்டது. டொலரின் விலை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து நிறுத்தப்பட்டது. வங்கி வழியாக அனுப்புவோர்க்கு டொலருக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகையும், டிசம்பரில் மேலும் 8 ரூபாயும் தரப்பட்டன. அப்போதும் உண்டியற்காரர் அதைவிட அதிகம் தந்தனர். மாதச் சம்பளத்தை அனுப்பும் ஏழையிடம் தேசபக்தியின் பெயரால் அவ்வளவு நட்டத்தை ஏற்கச் சொல்வது முறையென்று எனக்குத் தோன்றவில்லை. 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலராயிருந்த தொழிலாளர் பணவரவு, 2022இல் ஏறத்தாழ 379 கோடியாகச் சரிந்தது. 2022 மார்ச்சில் விலையைத் தளர்த்தியபோது காலம் கடந்துவிட்டது. ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. மகன் உண்டியலில் அனுப்பிய கூடுதல் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, தந்தை தோணிக்கு மண்ணெண்ணெய் இன்றிக் கரையில் நின்ற நாட்கள் அவை. விலை சந்தையோடு ஒத்த பின் பணம் வங்கிக்குத் தானே திரும்பியது. 2023இல் 597 கோடி. 2024இல் ஏறத்தாழ 657 கோடி.

இதனிடையே, 1953ஆம் ஆண்டின் சட்டம் மாறியது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 20ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. பழைய வதிவற்றோர் கணக்குகள் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்குகளாயின. உள்ளூரில் வதிவோரும் அவற்றைத் திறக்கலாம். கடலைக் கடவாமலே, வீட்டில் கணினி முன் இருந்து அயல்நாட்டார்க்குக் கணக்கெழுதியும் படம் வரைந்தும் ஊதியம் பெறும் இளைஞர்க்கும் இவ்வாயில் திறந்திருக்கிறது. வங்கியார் கேட்பது பணம் வந்த மூலத்துக்கான சான்று; ஆகவே, வேலை தந்தவரின் கடிதத்தையும் பற்றுச்சீட்டையும் பேணி வைத்தல் வேண்டும்.