பெயரற்றவர் பாட்டு: 'ம்பூபே' பட்டியலேறிய வரலாறு

ஒரு பாட்டு 'முதலிடத்தைப் பிடித்தது' என்று சொல்லும்போது எதை எண்ணிச் சொல்கிறார்கள்? விற்ற தட்டுகளை. வானொலியில் அது சுழன்ற தடவைகளை. அது யாருடைய பாட்டு என்கிற கேள்வி அந்தக் கணக்குக்குள் வராது. வராதபடிதான் அந்தக் கணக்கே போடப்பட்டிருக்கிறது என்பது என் வாதம்.

1961 டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் அங்கேயே நின்றது. பாடியவர்கள் 'தி டோக்கன்ஸ்' என்கிற ப்ரூக்ளின் வெள்ளை இளைஞர்கள். தட்டின் முன்பக்கப் பாட்டு 'டினா'. அதை இன்று யாருக்கும் ஞாபகமில்லை. சிங்கம் பின்பக்கத்தில் கிடந்தது, வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டதில் எழுந்து வந்தது. எழுதியவர்கள் என்று பதிவானவை ஜார்ஜ் டேவிட் வைஸ், ஹ்யூகோ பெரெட்டி, லூயிஜி க்ரியேட்டோர் என்ற மூன்று பெயர்கள். அந்த நேரத்தில் மெட்டின் சொந்தக்காரர் ஜோஹன்னஸ்பர்க்கில் உயிரோடுதான் இருந்தார், நோயாளியாக.

அவர் சாலமன் லிண்டா. நேட்டாலின் ம்சிங்கா பகுதியில் மாடு மேய்த்து வளர்ந்த ஜூலு. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்து, 'காலோ' தட்டுக் கம்பெனியில் தட்டுகளைக் கட்டும் வேலை பார்த்தார். வார இறுதிகளில் 'ஈவ்னிங் பேர்ட்ஸ்' என்ற தன் குழுவோடு பாடினார். 1939-இல் அதே கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 'ம்பூபே' (சிங்கம்) பதிவானது. கீழே ஆண்குரல்கள் ஒரே சொல்லை அடித்தளம் மாதிரி திரும்பத் திரும்பப் போட, மேலே லிண்டாவின் உச்சக்குரல் தனியே அலைகிறது. மூன்றாவது தடவை பாடும்போது, முடிகிற இடத்தில், அந்த நிமிடத்தில் தோன்றியதாக அவர் ஒரு சின்ன மெட்டைப் போடுகிறார். சில விநாடிதான். உலகம் பிற்பாடு பாடியதெல்லாம் அந்தச் சில விநாடிகளை.

ஆப்பிரிக்காவில் அது ஒரு லட்சம் தட்டு விற்றதாகச் சொல்கிறார்கள். அந்தப் பாட்டின் பெயரே ஒரு பாணியின் பெயராகவும் ஆனது. சேரிகளிலும் சுரங்கத் தொழிலாளர் விடுதிகளிலும் வளர்ந்த கூட்டுக்குரல் இசையை 'ம்பூபே' என்றே அழைத்தார்கள். லிண்டாவுக்குக் கிடைத்தது 10 ஷில்லிங். அதற்கு உரிமை முழுக்கக் கம்பெனிக்குப் போனது.

இதுவரை நாம் அறிந்த கதைதான். கறுப்புத் தொழிலாளி, வெள்ளை முதலாளி, நிறவெறிச் சட்டம். வில்லனை அடையாளம் காட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனா அடுத்த கட்டத்தில் வருபவர் முதலாளி இல்லை, நம்ம ஆள்.

1949 வாக்கில் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் இந்தத் தட்டைப் பீட் சீகரிடம் கொடுக்கிறார். சீகர் இடதுசாரி, தொழிற்சங்கப் பாடகர். பாட்டைக் கேட்டு மயங்கி எழுத்தெழுத்தாக எழுதிக்கொள்கிறார். ஜூலுச் சொல் அவர் காதில் 'விமோவே' என்று விழ, அந்தப் பெயரிலேயே அவருடைய 'தி வீவர்ஸ்' குழு பதிவு செய்கிறது. 1952-இல் பட்டியலிலும் ஏறுகிறது. அதே ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு முன்னால் ஹார்வி மட்டுசோ என்ற ஒற்றன் குழுவினரைக் கம்யூனிஸ்டுகள் என்று சாட்சி சொன்னான் (பின்னால் பொய் என்று அவனே எழுதினான்). வானொலி மூடிக்கொண்டது, ஆண்டு முடிவில் குழுவும் கலைந்தது. ஒடுக்கப்பட்டவர்கள்தான், சந்தேகமில்லை.

ஆனால் 'விமோவே' தட்டில் ஆசிரியர் என்று அச்சானது 'பால் கேம்ப்பெல்'. அப்படி ஒரு ஆள் கிடையாது. யாருக்கும் சொந்தமில்லாத மரபுப் பாடல்களைத் தங்கள் தழுவலாகப் பதிவு செய்யும்போது வீவர்ஸ் போட்டுக்கொண்ட புனைபெயர் அது. லிண்டாவின் பெயர் மூலத் தட்டிலேயே அச்சாகியிருந்தது. இருந்த மனிதர் மறைந்து, இல்லாத மனிதர் ஆசிரியரானார். இதைச் சாத்தியமாக்கியது திருட்டு மனம் என்று நான் நினைக்கவில்லை. 'மக்கள் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை' என்ற சொல்லாடல்தான் சாத்தியமாக்கியது. ஐரோப்பியன் எழுதினால் படைப்பு. ஆப்பிரிக்கன் பாடினால் மரபு. தனிமனிதப் படைப்பாளி என்ற தகுதியே ஓர் இனத்துக்கு மறுக்கப்படுகிறது, அதுவும் அன்போடு. சீகர் பின்னர் லிண்டாவுக்கு 1000 டாலர் அனுப்பச் சொன்னார். அது அவருடைய நேர்மை. உரிமைத்தொகை என்பது வேறு.

வயல்வெளிப் பாடல்களைத் தொகுத்து அட்டையில் தொகுத்தவர் பெயரை மட்டும் போடுகிற நம்முடைய வழக்கத்தை இந்த இடத்தில் யோசித்துப் பாருங்க.

டோக்கன்ஸ் கேட்டதும் வீவர்ஸின் பாட்டைத்தான். 'மரபு' என்று ஒருமுறை ஆனபின் கை மாறுவது சுலபம். வைஸ் ஆங்கில வரிகள் எழுதினார், மெட்டும் மூவர் கணக்கில் சேர்ந்தது. 1962-இல் லிண்டா சிறுநீரகக் கோளாறால் இறந்தபோது வங்கியில் இருந்தது 25 டாலருக்கும் குறைவு. கல்லறைக்குக் கல் வைக்கவே பதினெட்டு ஆண்டுகள் ஆயின. பாட்டு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது: 1972-இல் ராபர்ட் ஜான் பாடி அமெரிக்காவில் மூன்றாமிடம், 1982-இல் 'டைட் ஃபிட்' பாடி பிரிட்டனில் முதலிடம், 1994-இல் டிஸ்னியின் 'தி லயன் கிங்'.

2000-இல் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ரியான் மாலன் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் கணக்குப் போட்டார்: பாட்டு ஈட்டியிருக்கக்கூடியது சுமார் ஒன்றரைக் கோடி டாலர். அதன்பிறகுதான் வழக்கு. வழக்கறிஞர்கள் பிடித்த நூல் வேடிக்கையானது. 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பேரரசுக் காப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பாளி உரிமையை விற்றிருந்தாலும் அவர் இறந்து 25 ஆண்டு கழித்து அது வாரிசுகளிடம் திரும்ப வேண்டும். 'டிக்கென்ஸ் விதி' என்று அதற்குச் செல்லப்பெயர். அதே பேரரசுச் சட்டத்தைத்தான் 1914-இல் இந்தியாவிலும் போட்டார்கள். ஆங்கில நாவலாசிரியர் பெயரில் வழங்கிய விதி, 1987 முதல் ஒரு ஜூலு பாடகரின் மகள்களுக்கு உரியதாக இருந்திருக்கிறது. யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

2004-இல் டிஸ்னி மீது தென்னாப்பிரிக்காவில் வழக்கு. அங்கே பதிவான டிஸ்னியின் வணிகச் சின்னங்களையே நீதிமன்றம் முடக்கி வைத்தது. 2006 பிப்ரவரியில், அமெரிக்காவில் உரிமையை வைத்திருந்த 'அபிலீன் மியூசிக்' வாரிசுகளோடு சமரசத்துக்கு வந்தது. தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. லிண்டா இணை இசையமைப்பாளர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டார். அதாவது, மூன்று பெயர்கள் இருந்த இடத்தில் நான்காவதாக.