கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடலாமா? டிரான்ஸ்பார்மரைக் காக்கும் வழிகள்

மும்முனை மின்சாரம் முறை வைத்து வழங்கப்படும் பகுதிகளில், கரண்ட் வந்த உடனே ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் எல்லா மோட்டார்களையும் ஒரே நேரத்தில் ஓட விடுகின்றன. பியூஸ் போவதற்கும், டிரான்ஸ்பார்மர் பழுதாவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். பயிர் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது டிரான்ஸ்பார்மர் எரிந்தால், அதை மாற்றும் வரை அத்தனை பேரின் வயலும் காயும்.

கணக்கைப் பாருங்கள்

5 எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் சில நொடிகளில் மட்டும் 40 ஆம்பியர் வரை இழுக்கும். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒரு பேஸுக்குச் சுமார் 135 ஆம்பியர் தாங்கும். 15 மோட்டார்கள் ஓடினால் 113 ஆம்பியர்தான், தாங்கிவிடும். அதே 15 மோட்டார்களும் ஒன்றாக ஸ்டார்ட் ஆனால் 600 ஆம்பியர். எப்படித் தாங்கும்?

என்ன செய்ய வேண்டும்?

1. ஆட்டோ ஸ்டார்ட்டரில் டைமர் வையுங்கள். முதல் மோட்டார் 10 நொடியில், அடுத்தது 20 நொடியில் என ஒவ்வொன்றாக ஓடட்டும். யாருக்கு எத்தனை நொடி என்று ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ளவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

2. வோல்டேஜ் குறைவாக இருந்தால் முறை போட்டு இறையுங்கள். பாதிப் பேர் முதல் பாதி நேரம், மீதிப் பேர் அடுத்த பாதி நேரம், மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். குறைந்த வோல்டேஜில் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்து, சூடேறி, காயில் எரிந்துவிடும்.

3. 5 எச்.பி.க்கு அனுமதி பெற்றுவிட்டு 7.5 எச்.பி. மோட்டார் போடாதீர்கள்.

4. மும்முனை இல்லாத நேரத்தில் கண்டன்சர் வைத்து ஓட்டாதீர்கள். ஒரு பேஸில் மட்டும் சுமை ஏறி, டிரான்ஸ்பார்மரும் உங்கள் மோட்டாரும் கெடும்.

5. மோட்டாருக்கு ஏற்ற கெப்பாசிட்டர் பொருத்துங்கள். லைனில் இழுக்கும் கரண்ட் குறையும், வோல்டேஜ் சற்று மேம்படும்.

6. கிடைக்கும் சில மணி நேரத்தில் அதிகப் பரப்பு நனைய சொட்டுநீர் உதவும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு.

கவனம்: பியூஸ் போனால் நீங்களே டிரான்ஸ்பார்மரில் ஏறிப் போடாதீர்கள். ஒரு நாள் தண்ணீர் தள்ளிப்போகலாம். உயிர் போனால் வராது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, லைன்மேன் வரும்வரை காத்திருங்கள்.